திரையின் மூலையில் ஒரு வரைபடம்

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் இருப்பது 19 வயதில்தான் தெரிய வந்தது. அதற்கு முன்பே பொழுது சாய்ந்தால் தெருவில் நடக்கத் தடுமாறுவேன். வீட்டில் அதை மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் கேரட்டும் தவறாமல் சமைத்துப் போட்டார்கள். இந்த நோயில் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். 34 வயதாகும் இன்று, குழாய் ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதைப் போல, நேரெதிரே இருப்பது மட்டுமே எனக்குத் தெரிகிறது. என்னிடம் பேசுகிறவரின் முகம் தெரியும். அவர் குலுக்குவதற்காக நீட்டிய கை தெரியாது.

வீடியோ கேம்களை வடிவமைப்பவர்கள் திரையின் நடுப்பகுதியைக் காட்சிக்கு விட்டுவிட்டு, ஆடுவதற்கு வேண்டிய தகவல்களையெல்லாம் மூலைகளில் வைப்பது வழக்கம். கீழே ஒரு மூலையில் சிறிய வரைபடம், எதிர் மூலையில் மிச்சமிருக்கும் குண்டுகளின் எண்ணிக்கை, மேலே எங்கோ உயிரளவைக் காட்டும் ஒரு கோடு. சராசரிப் பார்வை உள்ளவர் தலையைத் திருப்பாமலேயே இவற்றைப் பார்த்துக்கொள்கிறார். நானோ தலையைத் திருப்பி மூலையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிப்பதற்குள் நடுத்திரையில் என்னை யாராவது சுட்டு வீழ்த்தியிருப்பார்கள்.

அந்த வேலையை இரண்டு ஆண்டுகள் என் அக்கா மகன் எனக்காகச் செய்தான். அப்போது அவனுக்குப் பத்து வயது. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மாமா, வலது பக்கம் திரும்புங்க, மஞ்சள் புள்ளி அங்கதான் இருக்கு, உயிர் பாதிதான் இருக்கு மாமா, மருந்து எடுத்துக்கோங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பான். 2018இல் அக்கா குடும்பம் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. அதன் பிறகு நான் ஆடுவதை விட்டுவிட்டேன். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆடுவதற்கான கைக்கருவியான கன்ட்ரோலரைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

அதை மறுபடி எடுக்க வைத்தது, 2020 ஜூன் 19 அன்று, டிவியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'. நாட்டி டாக் நிறுவனத்தின் அந்த விளையாட்டில் மாற்றுத்திறனாளிகளும் ஆடுவதற்கான 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருப்பதாகப் படித்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை எழவில்லை, ஏனென்றால் அதுவரை 'வசதி' என்று நான் பார்த்தவையெல்லாம் நிறக்குருடு உள்ளவர்களுக்கான ஒரு பொத்தானும் சப்டைட்டிலும்தாம். ஏறத்தாழ 4,000 ரூபாய் கொடுத்து வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்னரே வந்து நின்ற அந்த அமைப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்கவே எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

உயர் மாறுபாட்டுக் காட்சி என்று ஓர் அமைப்பு. கன்ட்ரோலரின் டச்பேடில் விரலை இழுத்தால் போதும், மழையில் நனைந்து புல் மண்டிக் கிடக்கும் சியாட்டில் நகரத்தின் இடிபாடுகள் முழுவதும் சாம்பல் நிறத்துக்குள் அடங்கிவிடும். அந்தச் சாம்பலின் மேல் எதிரிகள் சிவப்பாகவும், உடன் வருபவர்கள் நீலமாகவும், எடுக்கக்கூடிய பொருட்கள் மஞ்சளாகவும் நிற்பார்கள். கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து வரைந்த ஒளியையும் ஈரத்தையும் ஒரே இழுப்பில் அழித்துக்கொள்ள அவர்களே எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டின் மாடிச் சன்னலில் சிவப்பாக ஓர் உருவம் நின்றதை, எவரும் சொல்லாமல், நானே பார்த்தேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, கன்ட்ரோலரின் இடது குச்சியை அழுத்தினால் கதை எந்தத் திசையில் நகர வேண்டுமோ அந்தத் திசைக்குப் பார்வை தானாகத் திரும்பும் வசதி. என் மருமகன் பார்த்துவந்த வேலை அது. கதை எனக்கு முழுதும் உவப்பாக இல்லை, பழிவாங்கலை அவ்வளவு நீளத்துக்கு இழுத்திருக்க வேண்டாம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு கதை பிடிக்கவில்லை என்று சொல்வதற்குக்கூட அதை முதலில் முடித்தாக வேண்டும் அல்லவா? அந்த உரிமை எனக்கு அன்று கிடைத்தது.

எனக்காவது நடுவில் கொஞ்சம் பார்வை இருக்கிறது. அறவே பார்வையற்றவர்கள் அதே விளையாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஆடி முடித்தார்கள். ஏணி, தாவ வேண்டிய பள்ளம், குனிந்து நுழைய வேண்டிய இடைவெளி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலி உண்டு. எந்த ஒலி எதைக் குறிக்கிறது என்று கேட்டுப் பழகிக்கொள்ள ஓர் ஒலி அகராதியும் உள்ளேயே இருக்கிறது. ஓரத்திலிருந்து தவறி விழாமல் தடுக்கும் காப்பு ஒன்று, திரையில் வரும் தெரிவுப் பட்டியல்களை (மெனு) வாசித்துக் காட்டும் குரல் ஒன்று. பார்வையற்ற ஆட்டக்காரரும் அணுகல் ஆலோசகருமான பிராண்டன் கோல் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளை உருவாக்கத்தின்போதே அழைத்து ஆடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர் பிறகு 2023இல் வெளிவந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கார்ப் பந்தய விளையாட்டில் பார்வையற்றோர் வண்டி ஓட்டுவதற்கான ஒலி வழிகாட்டலுக்கும் ஆலோசனை தந்தார். சாலையின் இடது விளிம்பை நெருங்கினால் இடது காதிலும் வலது விளிம்பை நெருங்கினால் வலது காதிலும் ஒலி எழும். வளைவு வருவதையும் வேகம் குறைக்க வேண்டியதையும் வேறு ஒலிகள் சொல்லும். ஒவ்வோர் ஒலியின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கோல் 2024இல் காலமானார். நான் அவரைச் சந்தித்ததில்லை, ஒரு வரிகூட எழுதிக்கொண்டதில்லை. இருந்தும் எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் போனது போலத்தான் அன்று இருந்தது.

இந்த இடத்தில் நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுகளில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கதாபாத்திரத்தோடு நின்றுவிடுகிறது. சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறாரா, பார்வையற்ற நாயகி உண்டா, அவரைக் கண்ணியமாகக் காட்டியிருக்கிறார்களா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதாபாத்திரத்தைப் போன்ற ஒருவர் அந்த விளையாட்டைக் கையில் எடுத்து ஆட முடியுமா என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2019 மார்ச்சில் வெளிவந்த 'செகிரோ'வை எடுத்துக்கொள்வோம். ஃபிராம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் அந்த விளையாட்டில் நாயகன் தொடக்கத்திலேயே இடது கையை இழக்கிறான். அதற்குப் பதிலாக அவனுக்கு ஆயுதங்கள் பொருத்தக்கூடிய செயற்கைக் கை கிடைக்கிறது. அழகாகச் செய்யப்பட்ட விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் நொடிக்கும் குறைந்த நேரத்தில் வாளைத் தடுக்க வேண்டிய அந்தச் சண்டைகளை ஆட இரண்டு கைகளும் பத்து விரல்களும் குறையின்றி இயங்க வேண்டும்; கடுமையைக் குறைத்துக்கொள்ள ஒரு தெரிவும் கிடையாது. ஒற்றைக் கை வீரனைப் படைத்தவர்கள் ஒற்றைக் கையால் ஆடுகிறவர் ஒருவரை மனத்தில் வைத்திருந்தால் அந்த விளையாட்டு இப்படி அமைந்திருக்காது.

2017இல் வந்த 'பெர்செப்ஷன்' இன்னும் தெளிவான சான்று. அதன் நாயகி கேஸி பார்வையற்றவர். கைத்தடியைத் தரையில் தட்டுவார். எதிரொலி பரவும் இடமெல்லாம் நீல நிறக் கோடுகளாக அறை விரிந்து மறையும். பார்வை உள்ளவர்கள் பார்வையின்மையைக் கற்பனை செய்து பார்ப்பதற்கான அழகிய உத்தி அது. எனினும் அந்த எதிரொலி கடைசியில் கண்ணுக்குத்தான் பரிமாறப்படுகிறது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2021இல், கனடாவின் ஃபாலிங் ஸ்குவிரல் என்ற சிறு நிறுவனம் 'தி வேல்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகி அலெக்ஸ் பிறவியிலேயே பார்வையற்ற இளவரசி. திரையில் மிதந்து திரியும் ஒளித்துகள்களைத் தவிர வேறு காட்சி எதுவும் இல்லை. எதிரி இடப்பக்கம் மூச்சு வாங்குகிறானா வலப்பக்கம் காலடி வைக்கிறானா என்று ஹெட்போனில் கேட்டுக் கேடயத்தை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு அதை நான் ஆடியபோது, எதைத் தவறவிடுகிறோம் என்ற பதற்றம் சிறிதும் இல்லாமல் ஆடினேன். எனக்கு இன்னும் மிச்சமிருக்கும் பார்வை முழுதாகப் போனாலும் அலெக்ஸின் கதையை அதே போலத்தான் ஆடுவேன்.

மனநோயைச் சித்திரித்த 'ஹெல்பிளேட்'டையும் இங்கே சொல்ல வேண்டும். 2017இல் நிஞ்ஜா தியரி நிறுவனம் அதை உருவாக்கியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரையும், பொய்க்குரல்களைக் கேட்டு வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களையும் கலந்தாலோசித்தது. நாயகி செனுவாவின் தலைக்குள் ஒலிக்கும் குரல்கள் இரண்டு காதுகளையும் சுற்றிச் சுழல்வதைப் போலப் பதிவு செய்யப்பட்டுள்ளன. திரையில் உயிரளவுக் கோடோ வரைபடமோ கிடையாது. பின்னாலிருந்து தாக்க வருகிறார்கள் என்று குரல்களே எச்சரிக்கும். மூலைகளில் எதுவும் இல்லாத அந்தத் திரை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஒரு காது மட்டும் கேட்கும் என் அலுவலகத் தோழிக்கு அதே விளையாட்டு பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிட்டது. ஒருவருக்குத் திறக்கும் கதவு இன்னொருவருக்கு அடைபடலாம் என்பதனால்தான், தகவல் ஒன்றை இரண்டு வழிகளிலாவது சொல்லுங்கள் என்று அணுகல் வல்லுநர்கள் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார்கள்.

கைகளைப் பற்றிப் பேசினால் என் பள்ளித் தோழன் ஒருவனின் நினைவு தவிர்க்க முடியாதது. தசைச்சிதைவு நோயால் அவன் கைகளைத் தூக்க முடியாது. விரல் நுனிகளும் தலையும்தான் நன்றாக அசையும். 2018 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கான எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவனுடைய அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். 99.99 டாலர் விலை. தட்டையான வெள்ளைப் பலகை போன்ற அதன் மேல் இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள். பின்புறம் வரிசையாகப் பழைய இயர்போன் குத்தும் அளவிலான, 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19. கன்ட்ரோலரில் உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு துளை. அந்தத் துளையில் எந்த சுவிட்சைக் குத்தினாலும் அது அந்தப் பொத்தானாகிவிடும். அட்டைப்பெட்டியைக்கூடப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டாமல், வளையத்தில் விரலையோ கையையோ நுழைத்து இழுத்தால் திறக்கும்படி செய்திருந்தார்கள்.

கன்ட்ரோலர் வந்துவிட்டது, குத்துவதற்கு சுவிட்ச் வேண்டுமே. மாற்றுத்திறனாளிகளுக்கென்று விற்கும் சுவிட்சுகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. எங்கள் தெருவில் டிவி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் துளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு ஒயர் சேர்ந்தா போதும்டா தம்பி, இதுக்கு என்ன பெரிய சுவிட்சு" என்று ஒரு காலிங் பெல் சுவிட்சை எடுத்து இயர்போன் பின்னோடு பற்றவைத்துக் கொடுத்தார். வேலை செய்தது. ஆனால் பெல் சுவிட்சை அழுத்துவதற்கு வேண்டிய பலம் என் நண்பனின் விரலில் இல்லை. மறுநாள் அவரே பழைய கம்ப்யூட்டர் மவுஸ்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் சிறிய மைக்ரோ சுவிட்சுகளை எடுத்து, பாட்டில் மூடிகளுக்குள் ஒட்டி நான்கு செய்து கொடுத்தார். மவுஸைச் சொடுக்கும் அளவு அசைவு போதும். இரண்டு விரல்களுக்கு அடியில், ஒன்று கன்னத்துக்குப் பக்கத்தில், ஒன்று முழங்கைக்குக் கீழே. கம்ப்யூட்டரில் இணைத்து அன்று மாலை அவன் 'செலஸ்ட்' ஆடினான்.

'செலஸ்ட்' 2018இல் வந்த, மலையேறும் ஒரு பெண்ணைப் பற்றிய கடினமான விளையாட்டு. அதில் உதவி முறை ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், தொங்கும் கை களைக்காமல் வைக்கலாம், வேண்டுமானால் சாவே இல்லாமலும் வைக்கலாம். நண்பன் வேகத்தை மட்டும் குறைத்தான், மற்றவற்றைத் தொடவில்லை. இப்படி ஆடுவது உண்மையான ஆட்டமா என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் ஒரு தாவலுக்கு எடுத்துக்கொள்ளும் முயற்சியை அவன் பாதி வேகத்தில் எடுத்துக்கொள்கிறான். அதே இடத்தில் விழுகிறான், அதே இடத்தில் மறுபடி தொடங்குகிறான். ஒரே பாறையில் அவன் எழுபது முறைக்கு மேல் விழுந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். அவனுடைய கடுமை அவனுக்குக் கிடைத்தது.

காது கேளாதோர் நிலையில் சற்று முன்னேற்றம் உண்டு. 'ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலிஸ்' (2020) விளையாட்டில் ஹெய்லி கூப்பர் என்ற காது கேளாத ஓவியப் பெண் வருகிறாள், நாயகன் மைல்ஸ் அவளோடு அமெரிக்கச் சைகை மொழியில் இயல்பாகப் பேசுகிறான். 2023இல் வந்த அடுத்த பாகத்தில் சிறிது நேரம் ஹெய்லியாகவே ஆடலாம். சப்டைட்டில் பற்றி யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட கணக்கு ஒன்று என் நினைவில் அப்படியே இருக்கிறது. 'அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ்' (2017) ஆடியவர்களில் 60 விழுக்காட்டினர் தாமாகத் தேடிப்போய் சப்டைட்டிலை இயக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அதே வரிசையில் வந்த 'ஒடிஸி'யில் அதைத் தொடக்கத்திலேயே இயங்கும்படி வைத்தபோது 95 விழுக்காட்டினர் அணைக்கவே இல்லை. அவர்கள் எல்லோரும் காது கேளாதவர்களாக இருக்க முடியாது. ஆங்கிலப் பேச்சின் உச்சரிப்பு பிடிபடாமல் சப்டைட்டிலை நம்பி ஆடுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கின் பொருள் உடனே விளங்கும்.

நமக்கு மேலும் ஒரு தடை உண்டு. பட்டியல்களை வாசித்துக் காட்டும் அந்தக் குரல், தமிழில் வாசித்து நான் இதுவரை ஒரு பெரிய விளையாட்டைக்கூடக் கேட்டதில்லை. கம்ப்யூட்டரில் என்விடிஏ திரைவாசிப்பான் தமிழை வாசிக்கிறது, கைபேசியில் டாக்பேக் வாசிக்கிறது. விளையாட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. தமிழ் வழியில் படித்த பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு, திறமையிருந்தும் விருப்பமிருந்தும், முதல் பட்டியலே சுவராக நிற்கிறது.

மாற்றம் நல்லெண்ணத்தால் மட்டும் வந்துவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட தகவல்தொடர்பு அணுகல் சட்டத்திலிருந்து வீடியோ கேம்களுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2018 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அந்தச் சட்டம் விளையாட்டுக்குள் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வசதியை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஆயினும் எழுத்தைக் குரலாக்கும் கருவியை ஒருமுறை உள்ளே கொண்டுவந்துவிட்டால் அதைக் கொண்டே பட்டியல்களையும் வாசிக்க வைப்பது பெரிய காரியமில்லை. அப்படித்தான் பல கதவுகள் திறந்தன என்று நான் கருதுகிறேன்.

வாங்கும் முன்பே தெரிந்துகொள்வதுதான் இன்றைக்கு எனக்கு மிக அவசரமான தேவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டை 3,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எழுத்து எறும்பளவு, பெரிதாக்க எந்த வழியும் இல்லை. திருப்பிக் கொடுக்கக் கேட்டு எழுதியபோது, ஏற்கெனவே பதிவிறக்கிவிட்டதால் முடியாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து, எந்த விளையாட்டானாலும், வேறு யாராவது யூடியூபில் ஆடிப் போட்டிருப்பதைத் தேடி, அமைப்புகள் பக்கம் திரையில் வந்து போகும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் நிறுத்தி, பெரிதாக்கி, வரி வரியாகப் படித்த பிறகே பணம் கட்டுகிறேன். 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், யூபிசாஃப்ட், நின்டெண்டோ ஆஃப் அமெரிக்கா உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 24 பொதுக் குறிச்சொற்களை அறிவித்தன. சப்டைட்டில் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறதா, பட்டியலைக் குரல் வாசிக்குமா, நினைத்த இடத்தில் சேமிக்கலாமா என்பன போன்றவற்றை விற்பனைப் பக்கத்திலேயே ஒரே சொல்லால் குறிப்பதற்கான ஏற்பாடு. அது எல்லாப் பக்கங்களுக்கும் பரவும்வரை என் யூடியூப் வேலை தொடரும்.

நேற்றிரவும் அதைத்தான் செய்தேன். அடுத்து வாங்க ஆசைப்பட்ட விளையாட்டில் எழுத்தைப் பெரிதாக்கலாம், எதிரிகளின் நிறத்தை மாற்றலாம், குரலும் உண்டு. வரைபடத்தை மட்டும் கீழ் மூலையிலிருந்து நகர்த்த வழியில்லை. பொங்கல் விடுமுறைக்கு மருமகன் வருகிறான். அதுவரை அதை வாங்காமல் வைத்திருக்கப் போகிறேன்.